என் பகுதியில ஒரு புகாரும் கிடையாது

தம்பி, அந்த ஸ்டிக்கரு கோணலா ஒட்டியிருக்கு. குறையாச் சொல்லல. லேப்டாப்பு மூடியில ‘புள்ளி’ன்னு ஒட்டியிருக்கீயளே, அதான் கண்ணுல பட்டுது. பார்வையில்லாத பிள்ளைங்களுக்குப் பிரெய்ல் அடிச்சுக் குடுக்கித சாஃப்ட்வேரு தானே அது? காசு கிடையாது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், யாரு வேணும்னாலும் திறந்து திருத்தலாம், அந்தப் புள்ளி தானே? அதுல நீங்க என்ன பண்ணுதீய? மெனுவத் தமிழ்ல மொழிபெயர்த்தீயளா. சரி, நல்ல காரியம். அப்ப ஆவுடையப்பன்னு ஒரு பேரு கேள்விப்பட்டிருக்கீயளா? இல்லையா. எப்படிக் கேள்விப்படுவீய. அழிச்சுட்டானுவ.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காலை நீட்டிக்கிடுதேன். தாழையூத்து இப்பதான் தாண்டியிருக்கு. நான் கோயில்பட்டியில எறங்கணும். இந்தப் பாசஞ்சரு மணியாச்சியில போயி கெடையாக் கெடக்கும். அதுக்குள்ள பாதி சொல்லிருவேன்.

நான் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவன். தெம்பு இருக்கும்போதே விருப்ப ஓய்வுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாவ. விருப்பம் அவங்களோடது, ஓய்வு நம்மளோடது. பையன் ஒரு பழைய கம்ப்யூட்டர விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான். நானா நோண்டி நோண்டி புரோகிராம் கோடு எழுதப் படிச்சேன். அப்பதான் நாங்குநேரிப் பக்கம் ஒரு விடுதியில, பார்வையில்லாத பிள்ளைங்க தங்கிப் படிக்கித எடம், அங்க ஒரு மெஷின் சும்மா கெடக்குன்னு கேள்விப்பட்டேன். பிரெய்ல் அடிக்கித மெஷின். வெளிநாட்டுக்காரங்க யாரோ தர்மத்துக்கு நம்ம தெக்குச் சீமையில நாலஞ்சு விடுதிக்குக் குடுத்துட்டுப் போயிருக்காவ. பீரோவப் படுக்கப் போட்ட தண்டிக்கு இருக்கும். பெரிய மெஷின்னுதான் சொல்லுவோம். அதச் செஞ்ச கம்பெனி மூடிப் போச்சு. அதோட வந்த சாஃப்ட்வேரு புது கம்ப்யூட்டர்ல ஓடாது. பெட்ஷீட்டப் போத்தி மூலையில தள்ளி, மேல மாவு டின்ன அடுக்கி வச்சிருந்தாவ.

அந்த மெஷினுக்குப் புள்ளியில டிரைவர் எழுதுனது யாரு? இந்தா உக்காந்திருக்கேம்லா, நான்தான். சாஃப்ட்வேரு சொல்லுதத மெஷினுக்குப் புரிய வைக்கித கோடு தானே டிரைவரு. எழுதுததுக்குப் புஸ்தகம் கிடையாது, கேக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு நம்பரா அனுப்பிப் பாக்கணும், எந்த ஊசி எந்திரிக்கின்னு தொட்டுப் பாக்கணும். ஒரு வெயில் காலம் பூராவும் நாங்குநேரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சேன். எங்க வீட்டுக்காரி, அங்கயே ஒரு பாயி போட்டுருங்கன்னு சொன்னா.

அந்த விடுதிய நடத்துதது ஜெயசீலி டீச்சர். அவங்களுக்கும் பார்வை கிடையாது. முத பக்கம் ஒழுங்கா வந்த அன்னிக்கு அவங்க கையில குடுத்தேன். மேலேருந்து கீழ வரைக்கும் விரலை ஓட்டுனாவ. நல்லா இருக்குன்னு சொல்லல, நன்றின்னு சொல்லல. “இன்னொண்ணு அடிங்க அண்ணாச்சி”ன்னாவ. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் வருஷக்கணக்கா உழைச்சேன் தம்பி. எனக்கு வேற என்ன இருந்துச்சு.

அந்த டிரைவர் புள்ளிக்குள்ள போச்சு. அதுக்குப் பராமரிப்பாளர்னு என் பேரையும் போட்டாவ. நான் பெருமைக்குச் சொல்லல, இணையத்துல புள்ளியோட பழைய பக்கத்தை எல்லாம் எடுத்துப் பாருங்க. மத்தவங்க பகுதியில புகாரு மேல புகாரா வந்து குமியும். அது வேலை செய்யல, இது வேலை செய்யல, இங்க எழுத்து மாறிட்டு. என் பகுதியில ஒரு புகாரும் கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. வருஷக்கணக்கா வெள்ளையாக் கெடக்கும்.

எப்படின்னு கேக்கீயளா? நான் விட மாட்டேன். ஆரம்பத்துல ஒருக்கா ராஜபாளையம் பக்கத்து விடுதி வார்டன், அவரு பொதுவுல எழுதிட்டாரு, பெரிய மெஷின்ல பக்கம் தள்ளி விழுதுன்னு. உலகம் பூராவும் படிக்கித எடத்துல, என் பேரு போட்டிருக்கித பகுதியில. எனக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கே பஸ் ஏறிப் போயி சரி பண்ணிக் குடுத்தேன். குடுத்துட்டு, நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். ஏன் சார், எங்கிட்ட சொன்னா நான் வர மாட்டேனா, ஊரக் கூட்டணுமான்னு. மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுக்குப் பெறகு எல்லா விடுதிக்கும் சொல்லி வச்சுட்டேன். எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்க. அங்க எழுதப்படாது. எழுதுனா நம்ம மானந்தான் போவும். ஜெயசீலி டீச்சரு வரைக்கும் அந்தச் சொல்லைத் தாண்டுனது கிடையாது.

போன் வரும், நான் பென்டிரைவ எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிருவேன். திருத்தத்தை அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, ஒரு காப்பியக் குடிச்சுட்டுத் திரும்பிருவேன். பொதுவுல ஏன் போடலேன்னா கேக்கீய? நீங்க பொதுவுல போட்டுப் பாத்திருக்கீயளா? மொழிபெயர்ப்புன்னா உடனே வாங்கிக்கிடுவாவ. கோடுன்னா விளக்கம் எழுதுங்கம்பா, சோதிச்சுக் காட்டுங்கம்பா, இந்த வரி எதுக்கும்பா. யாரு? ரிஸ்வானா. அவகிட்டப் போயி நான் கைகட்டி நிக்கணுமா?

ரிஸ்வானாவத் தெரியும்லா உங்களுக்கு. இப்ப புள்ளிக்கு அவதான் தலைவி. ஆம்பூர்க்காரி, பெங்களூர்ல வேலை. அவ காலேஜ்ல படிக்கும்போது முத முதல்ல கோடு அனுப்புனது யாருக்கு? எனக்கு. பெரிய மெஷின் டிரைவர்ல பக்கம் முடியித எடத்தை இன்னும் சுத்தமா எழுதலாம்னு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தா. நான் திருப்பி அனுப்புனேன். மாத்தி அனுப்புனா. மறுபடியும் திருப்புனேன். தப்புன்னு இல்ல. ஆனா என் கோடு நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போது அதச் சுத்தம் பண்ண நீ யாரு? முதல்ல ஒழுங்கா எழுதப் படிச்சுட்டு வாம்மான்னு பொதுவுலயே எழுதுனேன். வளர்ற பிள்ளை, ஒரு கண்டிப்பு வேணும்லா. அதோட என் பக்கம் அவ வரல. மத்த பகுதியெல்லாம் எடுத்துச் செஞ்சு மேல மேல போயிட்டா.

அந்தக் கோவத்தை மனசுல வச்சுக்கிட்டேதான் இருந்திருக்கா. ஆனா ஒரு நாள் காட்டுனது கிடையாது. எப்பப் பாத்தாலும் ஆவுடையப்பன் சார், ஆவுடையப்பன் சார்தான். காட்டிக்கிடாத கோவம்தான் தம்பி பெரிய கோவம்.

இந்தா மணியாச்சி வந்துட்டு. பாத்தீயளா, நிறுத்திட்டான். இனி எதுத்த வண்டி வந்தாத்தான் நகரும்.

போன வருஷம் சித்திரையில அவ ஒரு அறிவிப்புப் போட்டா. பெரிய மெஷினோட டிரைவர எடுத்துரலாமான்னு. காரணம் சொல்லியிருந்தா. உள்ளுக்குள்ள எதை மாத்துனாலும் இந்தப் பழைய மெஷினுக்கும் சேத்து மாத்த வேண்டியிருக்காம், மாத்துனது சரியா தப்பான்னு பாக்க அவங்க யாருகிட்டயும் மெஷின் இல்லையாம், குத்துமதிப்பா மாத்த வேண்டியிருக்காம். அதக்கூட விட்டுருதேன். அடுத்து ஒண்ணு எழுதுனா பாருங்க. இந்த டிரைவர் உடைஞ்சே ரெண்டு வருஷம் ஆவுதாம். இப்ப இருக்கித கோடுபடி ஒவ்வொரு பக்கத்துலயும் கடேசி வரி விழாதாம். ரெண்டு வருஷமா ஒருத்தர்கூடப் புகார் சொல்லலையாம். அப்படின்னா உலகத்துல இதை யாரும் உபயோகிக்கலன்னுதானே அர்த்தம்னு கேட்டிருந்தா. யாராவது இருந்தா ஒரு வரி எழுதுங்க, நாங்க வச்சுக்கிடுதோம்னு முடிச்சிருந்தா.

கடேசி வரி விழல, அது வாஸ்தவம். எவனோ நடுவுல எதையோ மாத்தி, பெரிய மெஷின் கடேசி வரிய முழுங்க ஆரம்பிச்சுட்டு. அதை மெஷினே இல்லாம, கோடை மட்டும் படிச்சே கண்டுபிடிச்சிருக்கா. மூளைக்காரிதான், இல்லேங்கல. ஆனா எங்க விடுதிகள்ல எல்லா வரியும் விழுந்துக்கிட்டுதானே இருந்துச்சு? நான் எப்பவோ திருத்திட்டேம்லா. ஒவ்வொரு ஊராப் போயி என் பென்டிரைவ்லேருந்து போட்டுக் குடுத்துட்டேன். நல்லா ஓடுததப் போயி உடைஞ்சு கெடக்குன்னு எழுதுதா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

பதில் எழுதினேனான்னா கேக்கீய. நான் ஏன் எழுதணும்? அந்த டிரைவர் என்னுது. அதை எடுக்கலாமான்னு ஊரப் பாத்துக் கேட்டா என்ன அர்த்தம்? என்கிட்ட வந்து கேக்கணும்லா. தனியா ஒரு மெயிலும் போட்டிருந்தா. ரெண்டு வரி. சார், யாராவது உபயோகிக்காங்களா, நீங்க சொன்னா நிறுத்திருதேன்னு. ரெண்டு வரியில கேக்கித விஷயமா அது? போனும் பண்ணுனா. நம்பரப் பாத்ததும் தெரிஞ்சுது. மேசை மேல வச்சுட்டு அது அடிச்சு ஓயித வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். மறுநாளும் அடிச்சா. எங்க வீட்டுக்காரி எடுக்கப் போனா, தொடாதேன்னுட்டேன்.

நான் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லுதேன். எனக்காக ஒருத்தர் பேசட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷம், இத்தனை ஊரு, இத்தனை பிள்ளைங்க என் டிரைவர்ல அடிச்ச புஸ்தகத்துல படிச்சு மேல வந்திருக்கு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஐயோ அதை எடுக்காதீங்க, அது ஆவுடையப்பன் எழுதுனதுன்னு ஒரு வரி போடப்படாதா? தினமும் காலையில எந்திரிச்சு முத வேலையா அந்தப் பக்கத்தைத் திறந்து பாப்பேன். ஒண்ணும் இருக்காது. மூடிருவேன். சாயங்காலம் மறுபடியும் திறப்பேன். நன்றி கெட்ட உலகம் தம்பி. ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அறிவிப்பு வந்திருக்குன்னு விடுதிக்கெல்லாம் சொன்னேனான்னா? நல்லாயிருக்கே. என் வாயால போயி எனக்காகப் பேசுங்கன்னு கேக்கவா? எலெக்சன்ல நிக்கவனா நான்?

புள்ளியில ஒரு வழக்கம் உண்டு. ஒண்ண எடுக்கப் போறோம்னு சொல்லிக் கெடு வைப்பாவ, கெடு முடியித வரைக்கும் யாரும் பேசலேன்னா எடுத்துருவாவ. பேசாம இருந்தா சம்மதம்னு கணக்கு. அந்த வழக்கத்தைக் கொண்டாந்ததே நான்தான். முன்னால ஒருக்கா பழைய விண்டோஸ்ல புள்ளி ஓடுதத நிறுத்தும்போது ஆளாளுக்கு இழுத்துக்கிட்டிருந்தானுவ, நான்தான் ஒரு முடிவு வேணும்லான்னு சொல்லி இதை வச்சேன். அப்ப சேலத்துக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடத்து வாத்தியாரு, கெடு முடிஞ்ச பெறகு வந்து, எங்க பள்ளிக்கூடத்துல அந்தக் கம்ப்யூட்டருதான் இருக்கு, எங்களுக்கு விவரமே தெரியாதுன்னு அழாத குறையா எழுதுனாரு. வழக்கம்னா வழக்கம்தான் சார்னுட்டேன். நியாயம் எல்லாருக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும். ஆனா என்னைப் போயி அந்தச் சேலத்துக்காரரோட சேக்க முடியுமா? நான் எழுதுனவன்லா.

கெடு முடிஞ்சுது. எடுத்துட்டா. எடுத்த அன்னிக்கு ஒரு குறிப்பு எழுதுனா, இத்தனை வருஷம் இதைப் பராமரிச்ச ஆவுடையப்பன் சாருக்கு எங்கள் நன்றின்னு. செத்தவனுக்கு மாலை போடுவாவள்லா, அந்த நன்றி. அன்னிக்கு நான் சாப்பிடல.

எதுத்த வண்டி போயிட்டு. கெளம்பிருவான் இப்ப.

ஐப்பசி மழையில நாங்குநேரி விடுதியில இடி எறங்கி கம்ப்யூட்டரு போயிட்டு. யாரோ ஒரு புண்ணியவான் புதுசு வாங்கிக் குடுத்தாரு. பெரிய மெஷினோட கேபிளச் சொருகுததுக்கு இப்ப உள்ளதுல ஓட்டையே கிடையாது, அதுக்குக் கடையில ஒரு கார்டு கிடைக்கும், அதையும் வாங்கிப் போட்டுட்டாவ. புதுப் புள்ளிய ஏத்திப் பாத்தா லிஸ்ட்ல மெஷின் பேரே இல்ல. யாரோ பழைய வெர்ஷன எறக்கிப் போட்டுக் குடுத்திருக்கான். மெஷின் ஓடுச்சு. டீச்சர் விரலை வச்சுப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் கடேசி வரியக் காணோம்.

எனக்குப் போன் வந்துச்சு. பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குக் கணக்குப் புஸ்தகம் அடிக்கணும், பங்குனியில பரீட்சை, நீங்க எப்ப வாறீய அண்ணாச்சின்னு கேட்டாவ. எப்பவும் போல கேட்டாவ. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் அவமானப்பட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. நான் சொல்லிட்டேன். டீச்சர், எனக்கும் அதுக்கும் இனி சம்பந்தம் கிடையாது, அதை எடுத்தவங்ககிட்டயே எழுதிக் கேளுங்கன்னு. டீச்சர் சரிங்க அண்ணாச்சின்னு போன வச்சுட்டாவ.

பிள்ளைங்களுக்குக் கெடுதல் நினைக்கவனா நான்? நினைச்சுப் பாருங்க. ஒரு பத்து நாளு தவிக்கட்டும், விடுதியிலேருந்து ஒரு சத்தம் கெளம்பட்டும், அங்க பெங்களூர்ல போயி அது விழட்டும், அப்ப என்னைக் கூப்பிடுவா, நான் போயி ஒரு நிமிசத்துல போட்டுக் குடுப்பேன்னு கணக்குப் போட்டேன். பென்டிரைவ் சட்டைப் பையிலயேதான் இருந்துச்சு. சட்டை மாத்தும்போது அதையும் மாத்திக்கிடுவேன்.

ஆனா அந்தம்மா எழுதல. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, எழுதவே இல்ல. ஏன்னு பின்னால கேட்டா, அண்ணாச்சி கோவத்துல சொல்லியிருப்பாரு, நாம அங்க எழுதுனா அவரு மானம் போயிரும், கோவம் ஆறுனா வந்துருவாருன்னு காத்துக்கிட்டிருந்தாவளாம். கேட்டீயளா கூத்த. நான் எழுதுங்கன்னு சொன்ன பெறகும் எழுதலேன்னா நான் என்ன செய்ய முடியும்?

பொங்கலுக்குப் பெறகுதான் எழுதுனாவ. அன்னிக்கே பதில் வந்துட்டாம். ரிஸ்வானா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கா. மறுபடியும் சேக்கோம்னு சொல்லியிருக்கா. ஆனா சரி பண்ணணும்லா, அந்தக் கடேசி வரி? மெஷின் இங்க, அவ அங்க. எனக்குப் போன் அடிச்சா. நான் எடுக்கல. டீச்சர் அடிச்சாவ. சரி, அதை எடுத்தேன்.

“அண்ணாச்சி, அந்தப் பென்டிரைவ்ல இருக்கது மட்டும் கிடைச்சாப் போதுமாம். அந்தப் பிள்ளை சொல்லுது. நான் யாரையாவது அனுப்பட்டுமா?”

நான் சொன்னேன், அது என் உழைப்பு டீச்சர், கேக்கவங்க நேருக்கு நேரா எங்கிட்ட வந்து கேக்கட்டும்னு. கோடு எல்லாருக்கும் பொதுன்னு எனக்குச் சொல்ல வராதீங்க தம்பி. அதைப் பத்தி நான் காலேஜ் காலேஜாப் போயிப் பேசியிருக்கேன். அறிவை அடைச்சு வைக்கப்படாதுன்னு நான் பேசுனா கை தட்டுவானுவ. அது வேற, இது வேற.

அவ வந்தா. லீவு போட்டுட்டு ரயிலேறி நாங்குநேரிக்கே வந்துட்டா. என் வீட்டுக்கு வருவான்னு நினைச்சேன். வீட்டுக்காரிகிட்ட நல்ல டம்ளர எடுத்து வைன்னுகூடச் சொன்னேன். வரல. போன் எடுக்காத ஆளு வீட்டுக்கு எப்படி வரன்னு டீச்சர்கிட்ட கேட்டாளாம். விடுதியிலயே பிள்ளைங்களோட தங்கி, ரெண்டு நாளா மெஷினையும் கோடையும் வச்சுக்கிட்டு மல்லுக்கட்டியிருக்கா. அவ மாத்துவா, அடிப்பா, டீச்சர் விரல் வச்சு இன்னும் வரலம்மான்னு சொல்லுவாவ, மறுபடியும் மாத்துவா. கடேசியில வந்துட்டு. ஆனா அது மாசி மாசக் கடேசி. கணக்குப் புஸ்தகம் பாகம் பாகமா அடிச்சு முடிச்சப்ப பரீட்சைக்கு நாலு நாளு இருந்துச்சு.

அந்த விடுதியில பேச்சின்னு ஒரு பிள்ளை. களக்காட்டுப் பக்கம். நல்ல கெட்டிக்காரி. மத்த பாடமெல்லாம் யாரையாவது படிக்கச் சொல்லிக் காதால கேட்டே மனசுல ஏத்திக்கிடுவா. கணக்கைக் காதால கேட்டுப் போட முடியுமா? விரல் வச்சுப் பாக்கணும்லா. கணக்குல போயிட்டு. மறுதேர்வு எழுதிக்கிடலாம்னு டீச்சர் சொல்லியிருக்காவ, வீட்டுல வந்து படிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயிட்டாவ. எனக்கு அதக் கேட்டப்ப நெஞ்சு ஆறல தம்பி. சொல்லுங்க, அதுக்கு யாரு பொறுப்பு? ஒரு டிரைவர எடுக்கதுக்கு முன்னால நாலு இடத்துக்குப் போயி விசாரிக்கப்படாதா? கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு யாராவது இருக்கீங்களான்னு கேட்டா ஆச்சா? அந்தப் பிள்ளையோட பாவம் ரிஸ்வானாவச் சும்மா விடாது.

சரி, இருங்க, கடம்பூரு வருது. போளி வாங்குதேன். இங்க போளி நல்லாயிருக்கும். ஏய்யா, ரெண்டு பொட்டலம் குடு. சாப்பிடுங்க தம்பி, காசெல்லாம் எடுக்காதீங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க. டிரைவரத் திருப்பி உள்ள சேத்தாள்லா, பராமரிப்பாளர்னு யாரு பேரப் போட்டிருக்கா தெரியுமா? ஜெயசீலி. ஒரு வரி கோடு எழுதத் தெரியாது அந்தம்மாவுக்கு. கேட்டா, மெஷின் வச்சிருக்கவங்கதான் முக்கியம், கோடை நாங்க எழுதிக்கிடுவோம், ஒவ்வொரு வெர்ஷன் வெளியாகுததுக்கு முன்னாலயும் அவங்க ஒரு பக்கம் அடிச்சு விரல் வச்சுப் பாத்துச் சொன்னாப் போதும்னு எழுதியிருக்கா. பக்கத்தைத் தடவிப் பாக்கவங்க பராமரிப்பாளராம். அப்ப நான் யாரு?

கேட்டுருவோம்னு நேராப் போனேன். டீச்சர் எப்பவும் போல வாங்க அண்ணாச்சின்னாவ, காப்பி குடுத்தாவ. நான் ஆரம்பிக்கதுக்கு முன்னால அவங்களே பேசுனாவ.

“அண்ணாச்சி, போன வருஷமே எங்களைக் கேட்டிருக்காங்க. யாராவது இருக்கீங்களா, இருக்கீங்களான்னு. எங்களுக்குத் தெரியவே தெரியாதே. நாங்க இங்கதானே இருந்தோம்.”

இதுக்கு என்ன அர்த்தம்? குத்திக் காட்டுதாவ. ரிஸ்வானா ரெண்டு நாளு தங்கியிருந்ததுல நல்லா ஏத்திவிட்டுட்டுப் போயிட்டா. காப்பியப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்குப் பெறகு நாங்குநேரிலேருந்து எனக்குப் போன் வரது கிடையாது. எதுன்னாலும் நேரா அங்கயே எழுதிருதாவ. போன மாசம் மட்டும் எத்தனை புகாரு தெரியுமா அந்தப் பகுதியில? என் காலத்துல வெள்ளையாக் கெடந்த எடம். இப்ப போயிப் பாருங்க, பேப்பரு சிக்குது, ஓரம் தள்ளுதுன்னு நாறிப் போயிக் கெடக்கு. அதுக்கு அந்தம்மா கீழ எழுதுதாவ, சரியாயிட்டு, ரொம்ப நன்றின்னு. சவத்தை விடுங்க.

இப்ப எங்க போறேன்னா கேக்கீய? கோயில்பட்டியில எறங்கி ஒரு டவுன் பஸ் புடிக்கணும். அங்க ஒரு விடுதி. நான் புள்ளியில இன்னொரு மெஷினுக்கும் எழுதியிருக்கேன், அது சின்ன மெஷின். அதுவும் பழசுதான், அதுவும் கம்பெனி மூடியாச்சு. அங்க பதினேழு பதினெட்டுப் பிள்ளைங்க படிக்கி. ஓரமா எழுத்து சரியா எழும்பலன்னு வார்டன் போன் போட்டாரு, அதான் கெளம்பிட்டேன்.

ஆமா, அதுக்கும் அறிவிப்புப் போட்டுட்டா. மூணு மாசம் ஆச்சு. அதே பாட்டுதான், யாராவது இருக்கீங்களான்னு. இந்தத் தடவை கூடுதலா ஒரு வரி, விடுதிகளுக்கு உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்கன்னு. கெடு நாளையோட முடியுது.

என்ன தம்பி லேப்டாப்பத் திறக்கீய? வேண்டாம். வேண்டாம்னா கேளுங்க, மூடுங்க அதை. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு, நீங்க மெனு எழுதுதவரு, அதோட இருங்க. நீங்க பாட்டுக்கு ஒரு விடுதி இருக்குன்னு எழுதி வச்சீங்கன்னா, ஆவுடையப்பன் ரயில்ல பாத்த ஆளையெல்லாம் புடிச்சு சிபாரிசு தேடுதான்னு பேசுவா. விடுதி பேரா? அதெல்லாம் சொல்ல மாட்டேன். வார்டன் நம்பரும் தர மாட்டேன். அவங்களுக்குத் தேவைன்னா என்னைத் தேடி வரட்டும். ஆவுடையப்பன் இல்லாம முடியாதுன்னு இந்தத் தடவையாவது தெரியணும்லா. நாங்குநேரியில அந்தம்மா சொல் மீறிட்டாவ, அங்கதான் கெட்டுது.

இந்தா கோயில்பட்டி வந்துட்டு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. நீங்க கவலைப்படாதீங்க, நான் போனா அந்த மெஷின் நல்லா ஓடும். ஓடிக்கிட்டிருக்கித வரைக்கும் அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல. வார்டனும் எழுத மாட்டாரு, வாத்தியாரும் எழுத மாட்டாரு, ஒரு பிள்ளைகூட எழுதாது. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.